திருப்பி ஓட்டு

எந்திரிச்சேன்னா கொன்னுபோடுவேன், கேட்டியா என்று சொல்லிவிட்டு, இந்த லேபில் எங்களை மேய்க்கிற ஆராய்ச்சி மாணவி ஹெப்சிபா அக்கா செமினார் ஹாலுக்குப் போயிருக்கிறாள். நாகர்கோவில்காரி கொன்னுபோடுவேன் என்றால் தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கிறது, கோபமே கிடையாது, கேட்டியா என்கிற இடத்தில் போய்ப் பூனை மாதிரி சுருண்டு படுத்துக்கொள்கிறது. சொல்லிப் பார்த்தேன். கொன்னுபோடுவேன் கேட்டியா. முதல் தடவை கொஞ்சம் திருநெல்வேலி வாடை அடித்தது, அடுத்த தடவை அக்காவே வந்து என் தொண்டையில் உட்கார்ந்துவிட்டாள், ஆளில்லாத அறையில் நானே சிரித்துக்கொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காந்தம். மூன்று காலில் நிற்கிற வெள்ளை டாங்க், சத்தமே போடாத ரவுடி. பக்கத்திலிருக்கிற பம்ப்தான் ச்சிக்-ஹ்ஊம், ச்சிக்-ஹ்ஊம் என்கிறது, அதையும் எடுத்துவிட்டேன், ச்சிக்கில் நாக்கு மேலே ஒட்டவேண்டும், ஹ்ஊமில் வயிறு இறங்கவேண்டும். டாங்கின் வயிற்றுக்குள், என் சுண்டுவிரல்கூட நுழையாத கண்ணாடிக் குழாயில் வெள்ளைத் தூள். அடமான்டேன் என்று பேர், வாசனை அப்படியே கற்பூரம், முதல் நாள் அதற்குக் குருக்கள் குரலில் தீபாராதனை காட்டினேன், ஜெரால்டு சிரித்துச் சிரித்து இருமினான். ஜெரால்டு என் பிராஜெக்ட் பார்ட்னர். காந்த அறைக்குள் போகிறவன் உடம்பிலிருக்கிற இரும்பையெல்லாம் கழற்றி வாசல் தட்டில் போட்டுவிட்டுப் போகவேண்டும், அது இங்கே சட்டம், கோயிலில் செருப்பு மாதிரி. குழாயை இறக்கிவிட்டு நான் வெளியே வந்தால் தட்டில் பெல்ட் இருக்கிறது, சாவி இருக்கிறது, போன் இல்லை. ஜெரால்டு எடுத்துக்கொண்டு போயிருக்கிறான், அவன் போன் காலையிலேயே செத்துவிட்டது, கேட்டுக்கு எதிரே பரோட்டா வாங்கப் போகிறான். நான் உள்ளே இருக்கும்போதே கண்ணாடியைத் தட்டி என் போனைத் தூக்கிக் காட்டி வாயைத் திறந்தான், ச... ச... என்று உதடு திக்கியது, நானும் உள்ளேயிருந்து ச... ச... சால்னா தனியா என்று அவன் முகத்தை அவனுக்கே திருப்பிக் காட்டினேன், கட்டைவிரலைத் தூக்கிவிட்டுப் போனான். போனின் முதுகில் பெரிய ஸ்டிக்கர், கேசட் படம், கீழே டேப்பு. வகுப்பிலும் பஸ்ஸிலும் எனக்கு அதுதான் பேர். மோகனரங்கம் என்று அட்டெண்டென்ஸில் கூப்பிட்டால் பாதிப் பேர் யார்ரா அது என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

திரையில் பச்சைக் கோடு படுத்திருக்கிறது, இன்னும் எழுந்திருக்கவில்லை. இப்போது ஓடுவது குத்தின ஓட்டம். குத்தாத ஓட்டம் காலையிலேயே முடிந்தது. இதை எனக்கும் ஜெரால்டுக்கும் அக்கா புரியவைத்த விதம் இருக்கிறதே, அதையும் அப்படியே வைத்திருக்கிறேன், எப்போது கேட்டாலும் போட்டுக் காட்டுவேன். மக்கா, ஒருத்தன் காதுல ஒரு ரகசியம் சொல்லுகோம்னு வையி. அவன் பக்கத்துக்காரன்கிட்ட சொல்லுவான், அவன் அடுத்தவன்கிட்ட. நம்ம தூளுக்குள்ள இருக்க ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு சின்னக் காந்த ஊசி, ஒரு ஸ்பின்னு, அதுக்க வேலையே பக்கத்துக்காரனை இழுக்கதும் தள்ளதும்தான். கொஞ்சம் நேரம் விட்டா ரகசியம் ஒருத்தன்கிட்டயும் முழுசா இருக்காது, எல்லாவனுக்கும் நடுவுல கிடக்கும். ஒருத்தனைப் பிடிச்சு உலுக்கினா ஒண்ணும் உதிராது. தொலைஞ்சு போகல்ல மக்கா, கலைஞ்சு போச்சு. ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? திருப்பி ஓட்டணும். அலைத் துடிப்பை மாத்திக் குடுத்தா இழுத்தவன் தள்ளுவான், தள்ளினவன் இழுப்பான், எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும், கடைசியில அந்த ரகசியம் முதல்ல சொன்னவன் காதுக்கே வந்துசேரும். எதிரொலி மாதிரி. ஆனா போறதுக்கும் வாறதுக்கும் நடுவுல லேசா ஒரு குத்து குத்திப் பாரு. கொஞ்சூண்டு. கொஞ்ச நேரம் போயிருந்தா, குத்தினாலும் திரும்பி வந்திரும். ரொம்ப நேரம் போயிருந்தா அந்தக் கொஞ்சூண்டு குத்துக்கே வராது. எவ்வளவு வராமப் போவுதுன்னு அளந்தா எவ்வளவு கலைஞ்சதுன்னு கணக்கு. இந்த இடத்தில் ஜெரால்டு கையைத் தூக்கினான், மெ... மெ... மெஷினே தப்பு பண்ணினா? அக்காவுக்கு அவன்மேல் உசிர். அதுக்குத்தான் மக்கா குத்தாம ஒருதடவை ஓட்டுகோம் என்றாள், மிஷினு எவ்வளவு தின்னுச்சு, குத்து எவ்வளவு தின்னுச்சுன்னு பிரிக்கணும்லா, பிரிக்காதவன் அளக்கல்ல, குப்பை வாருகான். காலையில் குத்தாத ஓட்டத்தில் பச்சைக் கோடு கண்ணாடி மாதிரி எழுந்தது, திரும்பி வந்துவிட்டது, முழுசாக இல்லை என்றாலும் அடையாளம் தெரிகிற அளவுக்கு. அக்கா என் முதுகில் அறைந்தாள். வலித்தது.

குத்து என்றதும் கஜபதி ஞாபகம் வருகிறது, வரக்கூடாது என்று நினைத்தால் சரியாக வருகிறது. கஜபதி ரயில் ரூட்டு தல, ரயிலில் வருகிற பசங்களுக்கெல்லாம் தலைவன். நாங்கள் பஸ் ரூட்டு. ரெண்டு ரூட்டுக்காரனும் ஒரே காலேஜ்தான், எதில் ஏறி வருகிறான் என்பதுதான் ஜாதி. கஜபதி பிளாட்பாரத்தில் இறங்கும்போது பட்டாக்கத்தியைச் சிமெண்டில் இழுத்துக்கொண்டு ஓடுவான், கிர்ர்ர் என்று பொறி பறக்கும், அந்தக் கிர்ர்ரையும் நான் பல்லில் வைத்திருக்கிறேன், பின்சீட்டில் போட்டால் பஸ்ஸே கூசும். அவன் குரல் கரகரவென்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் ஒரு ஏய், வாக்கியம் முடிந்ததும் மூக்கால் ஒரு உறிஞ்சல், அந்த உறிஞ்சலில்தான் ஆளே இருக்கிறான். ஒரு சாயங்காலம் புட்போர்டில் தொங்கிக்கொண்டு அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தேன். ஏய் சார், சார், அடிக்காதீங்க சார், நான் இல்ல சார், கத்தி எங்க கீதுன்னு நான் சொல்றேன் சார், பசங்க பேர்லாம் நானே சொல்றேன் சார், உறிஞ்சல், எங்கம்மா தனியா கீதுங்க சார். இன்ஸ்பெக்டரும் நான்தான், லத்தி சத்தமும் நான்தான், பளார் பளார் என்று என் தொடையிலேயே அடித்துக்கொண்டேன். பஸ் கூரை பிய்ந்தது. எவனோ இருட்டில் போனை நீட்டியிருக்கிறான், படத்தில் முகமே இல்லை, குரல் மட்டும். அது பஸ் ரூட்டிலிருந்து ரயில் ரூட்டுக்குப் போனது, அங்கே எல்லாவனும் நம்பினான். நம்பினான்! அதைக் கேட்டபோது என் உச்சந்தலை சில்லென்றது, அய்யோ அவ்வளவு நல்லாவா பண்ணிருக்கேன் என்று. அப்புறம்தான் மீதி வந்தது. பசங்க பேரைப் போட்டுக்கொடுத்தவன் என்று அவனுடைய ஆட்களே அவனைப் பிளாட்பாரத்துக் கல் பெஞ்சில் போட்டு மோதியிருக்கிறார்கள், இடது காது பாதி தொங்கி, தைத்துப்போட்டிருக்கிறது, தல பதவி போய்விட்டது. பேசினது டேப்பு என்று கஜபதி காதுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் ரயில் ரூட்டில் யாருக்கும் டேப்பு யார் என்று தெரியாது, அங்கே டேப்புக்கு முகம் கிடையாது, குரல்தான் உண்டு, அதுவும் சொந்தமில்லை. நான் தைரியமாகத்தான் இருந்தேன். இப்போதும் தைரியமாகத்தான் இருக்கிறேன், தொடைதான் நாற்காலியில் தானாக ஆடுகிறது, ச்சிக்-ஹ்ஊம் தாளத்துக்கு.

காந்தத்துக்கும் கத்திக்கும் ஆகாது. அக்கா சொன்ன கதை, அவள் சேர்வதற்கு முந்தி வேறெங்கோ நடந்தது, ஒருவன் ஸ்பானரைச் சட்டைப்பையில் மறந்துபோய் உள்ளே போனான். ஸ்பானர் பையைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது, அவன் கை நடுவில் இருந்தது. டக். அக்கா அந்த டக்கை மேஜையில் விரலால் தட்டிக் காட்டினாள், கதை அங்கேயே முடிந்தது. மூன்று விரல்கள் டாங்குக்கும் ஸ்பானருக்கும் நடுவில் அப்பளம் மாதிரி. காந்தத்தை அணைக்க முடியாது, அது சுவிட்ச் போட்ட விளக்கு இல்லை, எப்போதும் எரிகிறது. யாரும் பார்க்காதபோதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ரொம்பப் பிடித்திருந்தது எனக்கு அந்தக் கதை, ஜெரால்டிடம் பத்து விதமாகப் போட்டுக் காட்டினேன், ஸ்பானரின் குரலில்கூட, தள்ளு தள்ளு தள்ளு என்று. அவன் சிரிக்கவில்லை. அ... அவனுக்கு வலிச்சிருக்கும்டா என்றான். அவனை மாதிரி நான் பேசினால் மட்டும் சிரிப்பான், அதுதான் அவனிடம் விசேஷம். கிரிக்கெட் கமெண்டரியைத் திக்குவாயில் பண்ணுவேன், க... க... கேட்சு க... அவுட் ஆயிட்டான்! வகுப்பே உருளும், அவனும் உருளுவான், அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, க-வுல நா... நான் அவ்வளவு நேரம் நிக்க மாட்டேன்டா, ப-வுலதான் நி... நிப்பேன், என்று திருத்திக்கொடுப்பான். திருத்தினதைத்தான் பிறகு பண்ணினேன், அதுவும் எல்லா போனிலும் போயிற்று. பரோட்டாவுக்கு இவ்வளவு நேரமா? கல்லில் போட்டு இரண்டு கையாலும் அடித்து நொறுக்குகிற நேரம்கூட ஆகாதே. பசி. வயிற்றில் ஹ்ஊம்.

போன் அடிக்கிறது. லேப் போன், பழைய சிவப்பு டப்பா, யாருமே அடிக்காத போன். எடுக்கும்போதே என் தொண்டையில் அக்கா ஏறி உட்கார்ந்துவிட்டாள், பழக்கம், அக்கா இல்லாதபோது அவள் குரலில்தான் எடுப்பேன், ஒருதடவை டைரக்டரே ஏமாந்தார். ஹலோ, லேபுலேர்ந்து பேசுகேன், யாரு? அந்தப் பக்கம் தெருச் சத்தம், பஸ் ஹாரன், ஒரு கீச்சுக்குரல். மேடம், இது இன்னா லேபா? இந்த போன்ல லேப் அக்கான்னு கீது, அதான் போட்டேன். இங்க ஒருத்தன் கீறான் மேடம், டேப்புன்னு ஒட்டிக்கினு கீறான், உங்க ஆளா? கீச்சுக்குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல், ஏய், பேஸ்றா, பேசு, உறிஞ்சல். உறிஞ்சல்! என் வாயிலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் அதை இவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை, என்னுடையது இன்னும் கொஞ்சம் நீளம், தப்பு, குறைக்கவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது, சத்தியமாக அதுதான் முதலில். பிறகு ஜெரால்டின் குரல். நா... நா... நான் இ... பளார். தொடையில் அடித்துக்கொள்கிற பளார் இல்லை இது. இது ஈரமாக இருக்கிறது, கூடவே ஒரு எச்சில் சத்தம் வருகிறது, இதை நான் தப்பாகவே பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். கீச்சுக்குரல் கெக்கலித்தது, தோ பார்றா, அதே ஐட்டம், கமெண்டரி வாய்ஸு! டேய் இவன்தான்டா, சாவுற நேரத்துலயும் மிமிக்ரி பண்றான்டா. கஜபதி சொன்னான், ஏய், அந்தக் குரல் வேணாம், என் குரல்ல பேசு. அன்னிக்கிப் பேசினியே, அத்த அப்டியே இவனுங்க முன்னாடி பேசு. அது நான் இல்ல, நீதான்னு இவனுங்க காதால கேக்கட்டும். கேட்டாத்தான் என் காதுக்குப் பதிலு. ஜெரால்டு ப... ப... ப என்று நின்றான், க-வில் இல்லை, ப-வில், அவன் திருத்திக்கொடுத்த அதே இடத்தில். பளார்.

நடந்தது இவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது, போனைப் பார்த்துப் பிடித்திருக்கிறார்கள், பேசச் சொல்லியிருக்கிறார்கள், அவன் நிஜமாகத் திக்கியிருக்கிறான், அந்தத் திக்கலை அவர்கள் என் வாயிலிருந்து முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். அவனுடையது என்னுடையதாகப் போய் எல்லாவன் காதிலும் கலைந்து கிடக்கிறது, இனி அவன் வாயிலிருந்து வந்தாலும் அது நான். அக்கா குரலிலேயே சொன்னேன், தம்பி, தம்பி, அந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே திக்கும் கேட்டியா, அவன் ஜெரால்டு, டேப்பு அவன் இல்ல. நல்ல குரல், கண்ணீர்கூட வைத்தேன். கீச்சுக்குரல் கேட்டான். அப்போ டேப்பு எங்க மேடம்? இந்த இடத்தில் அக்கா என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள். தொண்டை காலி. சொல்லலாம், லீவு, ஊருக்குப் போயிருக்கான் என்று சொல்லலாம், ஜெரால்டு பேசவராமல் அங்கே நிற்பான், அடுத்த அடி எங்கே விழும், வாயிலா, காதிலா, கத்தியைத் தரையில் இழுக்கிறார்களா, இன்னும் இழுக்கவில்லை, அந்தக் கிர்ர்ர் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத் தெரியும். நான்தான் டேப்பு என்றேன். சொந்தக் குரலில். சொந்தக் குரல் என்று ஒன்றைத் தேடி எடுத்து, அம்மாவிடம் பசிக்குது என்று சொல்கிற குரல், அது எப்படி இருக்கும், அதில் எவனும் இருக்கக்கூடாது, இன்ஸ்பெக்டர் இருக்கக்கூடாது, குருக்கள் இருக்கக்கூடாது, தேடத் தேட எல்லாரும் கூட்டமாக வந்து நிற்கிறார்கள், நடுவில் யாருமில்லை. நான்தான் டேப்பு, மோகனரங்கம், அவனை விட்ருங்க. அந்தப் பக்கம் சிரிப்பு. மேடம், இப்போ இது யாரு, வாட்ச்மேனா? கஜபதி கேட்டான், யார்ரா அது? கீச்சுக்குரல் சொன்னான், எவனோ நாடகத்துல பேசுற மாதிரி பேசறான் தல. அப்போ கஜபதியையே எடுத்தேன், ஏய், என்று அவன் குரலில், அதுதானே அத்தாட்சி, ஏய், அவனை வுட்ரு, உறிஞ்சல். போனில் அமைதி. ரொம்ப நல்ல அமைதி, எப்போதும் கைதட்டலுக்கு முன்னால் வருகிற அமைதி. பிறகு கீச்சுக்குரல் மெதுவாக, தல, நீ பேசினியா? நான் பேசல, என்றான் கஜபதி. போன்ல நீ பேசற. கஜபதி சொன்னான், ஏய், ரெக்கார்டு போடறாங்கடா, அந்தப் படத்தைத்தான் போடறாங்க, கட் பண்ணு. கட்.

அவர்கள் உள்ளே வரட்டும். இதுதான் இப்போது சுற்றிச் சுற்றி வருகிறது. திரும்ப அடித்து, அக்கா குரலில், தம்பிமாரே, டேப்பு இங்கதான் ஒளிஞ்சிருக்கான், உள்ள வாங்க, நேரா கண்ணாடிக் கதவைத் திறந்து போங்க. கத்தியைச் சட்டைக்குள் முதுகில்தானே செருகியிருப்பான், எல்லாவனும் அங்கேதான் செருகுவான். கதவைத் திறப்பான். இரண்டடி. முதுகில் ஏதோ அசைகிறது என்று நினைப்பான். கத்தி உறையோடு கிளம்பும், முதுகுத்தோலோடு, அவனையும் இழுத்துக்கொண்டு, தள்ளு தள்ளு தள்ளு, டக். காந்தத்தின் வெள்ளை வயிற்றில் சிவப்பாக. கத்துவான், கத்தும்போது கரகரப்பு எப்படி மாறும், அதையும் எடுத்துக்கொள்ளலாம். நன்றாக இருக்கிறது, மறுபடி ஓட்டினேன், கதவு, இரண்டடி, டக். மறுபடி. ஒவ்வொரு தடவையும் இன்னும் நன்றாக இருக்கிறது, ஒரு விரல், மூன்று விரல், காது, தைத்த காது. நாலாவது தடவை ஓட்டும்போது அவன் முன்னால் ஜெரால்டு நடந்தான். காலரைப் பிடித்து முன்னால் தள்ளிக்கொண்டுதானே வருவார்கள். கத்திக்கும் காந்தத்துக்கும் நடுவில் ஜெரால்டு. அவனை நகர்த்திப் பார்த்தேன், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், வெளியே நிற்கவைத்துப் பார்த்தேன், எப்படி ஓட்டினாலும் நடுவில் வந்து நிற்கிறான், அ... அவனுக்கு வலிக்கும்டா என்கிறான். ச்சிக்-ஹ்ஊம். திரையில் பச்சைக் கோடு எழுந்துவிட்டது. எழுந்தது என்று சொல்லக்கூடாது, முனகுகிறது. காலையில் குத்தாத ஓட்டத்தில் நின்ற உயரத்தைச் சிவப்பில் போட்டு வைத்திருக்கிறாள் அக்கா, அதன் காலடியில் இது சின்னப் பிள்ளை மாதிரி. குத்தினது எவ்வளவு? அக்கா கொடுத்த நம்பரை நான்தான் கம்ப்யூட்டரில் அடித்தேன், ஒரு சிட்டிகைத் திருப்பல். மிஷின் தின்றது காலையிலேயே தெரிந்துவிட்டது, மீதி முழுக்க அந்தச் சிட்டிகை தின்றது. அழகான முடிவு, அக்கா குதிப்பாள். தல, நான் வந்து பேசறேன், அப்படியே அன்னிக்குப் பேசினபடி, இவனுங்க முன்னாடி, என்று நான் போனால், திருப்பி ஓட்டினால், வார்த்தை வார்த்தையாக, காது ஒட்டிக்கொள்ளுமா? ஒட்டாது. பெஞ்சில் மோதினவன் மோதினவன்தான். ஆனால் ஜெரால்டு இருக்கிறான், ஜெரால்டு இன்னும் ரொம்பத் தூரம் போகவில்லை, இரண்டு அறை, மூன்று அறை, கொஞ்ச நேரம்தான் போயிருக்கிறது, கொஞ்ச நேரம் போயிருந்தால் திரும்பி வரும் என்றாளே. எந்திரிச்சேன்னா கொன்னுபோடுவேன். எந்திரித்தேன் அக்கா. கேட்டியா, எந்திரித்துவிட்டேன்.

ஓடும்போதுதான் தெரிகிறது, பெல்ட் தட்டிலேயே கிடக்கிறது, பேண்ட் இடுப்பை விட்டு இறங்குகிறது, ஒரு கையால் பிடித்துக்கொண்டு வேப்பமர வரிசையில் ஓடுகிறேன், மத்தியான வெயில், தார் மினுங்குகிறது, ஓடிக்கொண்டே பயிற்சி செய்கிறேன், ஏய் சார், சார், அடிக்காதீங்க சார், சரியாக வருகிறது, உறிஞ்சலைக் குறைத்தேன், இப்போது அவனைவிடவும் அவன். கேட்டில் செக்யூரிட்டி கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார், கண்ணாடி வழியாக எனக்குப் போகாதே என்று தலையை ஆட்டுகிறார். எதிரே பரோட்டாக் கடை, கல் காய்ந்து புகைகிறது, மாஸ்டரைக் காணோம். பஸ் ஸ்டாப் நிழலில் ஐந்தாறு பேர். நடுவில் ஜெரால்டு முட்டி போட்டிருக்கிறான், சட்டையெல்லாம் சால்னா, பார்சல் கிழிந்து பக்கத்தில் கிடக்கிறது, சால்னா என்றுதான் நினைத்தேன், கிட்டத்தில் போனால் எல்லாம் சால்னா இல்லை. உதடு இரண்டாகப் பிளந்திருக்கிறது. கஜபதி நான் நினைத்ததைவிடக் குள்ளம். காதில் பஞ்சு, அதைச் சுற்றி மஞ்சளாகக் கசிந்திருக்கிறது, எல்லாக் குரலையும் எடுத்தேன், இந்த ஆளை நான் பக்கத்தில் பார்த்ததே இல்லை. கத்தி முதுகில் இல்லை, கையில் இருக்கிறது. அவனுடைய ஆட்கள் அவனுக்குப் பக்கத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு, டிக்கெட் வாங்கினவர்கள் மாதிரி. நான்தான் டேப்பு, அவனை விடுங்க என்று கையைத் தூக்கினேன், பேண்ட் நழுவியது, பிடித்தேன், ஒருவன் சிரித்தான். கஜபதி என்னைப் பார்த்தான். ஏய், பேசு, என்றான், மூக்கை உறிஞ்சினான், உறிஞ்சல் இல்லை அது, மூக்கு ஒழுகுகிறது அவனுக்கு, எப்போதும் ஒழுகும் போலிருக்கிறது. என் குரல்ல பேசு. இவனுங்க கேக்கட்டும்.

வாயைத் திறக்கிறேன். உள்ளே எல்லாம் தயாராக இருக்கிறது, ஏய் சார், முதல் ஏ, அதற்குத் தொண்டையை எங்கே கரகரப்பாக்கவேண்டும் என்று தெரியும், ஆயிரம் தடவை பண்ணினது. ஏ வரவில்லை. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டுவிட்டது, ச்சிக் மாதிரி, ஹ்ஊம் இறங்கவில்லை, கத்தி முனையில் வெயில் ஒரு புள்ளியாக நிற்கிறது, அதைப் பார்க்காதே என்றால் அதைத்தான் பார்க்கிறேன். ப... ப... என்கிறது என் வாய். நான் பண்ணவில்லை. ப... ப... பண்ணினது ந... ந... கீச்சுக்குரல் துள்ளிக் குதிக்கிறான், ஒல்லிப் பையன், என் வயசுதான், அதே ஐட்டம்! தல, இதான்டா ஒரிஜினல், அந்தப் பையன் ப-வுல இவ்ளோ நேரம் நிக்கல, இவன் பாரு எப்டி இய்க்கிறான்! இவன்தான் டேப்பு! அப்போ அவனுக்கு நெஜமாவே திக்கும் போல, வுடுங்கடா பாவம் அவனை. ஜெரால்டின் காலரை விட்டுவிட்டார்கள். எழுந்திருக்கிறான், சாலையின் அந்த ஓரத்துக்குப் பின்வாங்கியே நடக்கிறான், போ, போய்விடு, திரும்பாதே, போய் அக்காவிடம் சொல், குத்தின ஓட்டம் முடிந்துவிட்டது, சேமித்துவிடு என்று. கஜபதி மட்டும் சிரிக்கவில்லை. அவன் முகம் கெஞ்சுகிற முகமாக ஆகிறது, கையில் கத்தியை வைத்துக்கொண்டு ஒருவன் கெஞ்சுவதை இப்போதுதான் பார்க்கிறேன், ஏய், அது வேணாம்டா, வெளாடாத, என் குரல், என் குரல்ல ஒருவாட்டி, ஒரே வாட்டி பேசிட்றா. தள்ளி நிற்கிறவர்களில் ஒருவன் கொட்டாவி விடுகிறான். எனக்குக் கொடுக்கத்தான் ஆசை, கஜா, சத்தியமாக, முழுசாகக் கொடுத்துவிடுவேன். க... க... என்கிறேன். க-விலும் நிற்கிறேன். கத்தி சிமெண்டைத் தொடுகிறது, கிர்ர்ர், நான் பல்லில் வைத்திருந்தது இதில் கால்வாசிகூட இல்லை. ஓங்குகிறான். அப்போது சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், பெரிய குரல், எங்கேயும் நிற்காமல், எதிலும் தடுக்காமல், ஒரே மூச்சில், ப-வில்கூட நிற்காமல், பாவிங்களா விடுங்கடா அவனை, என்று. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து அவனை எடுத்தேனே, இது எங்கே இருந்தது? பிளந்த உதட்டோடு ஜெரால்டு மறுபடி கத்துகிறான். ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லாவனும் என் வாயையே பார்க்கிறான். ஓங்கின கை அந்தரத்தில் நிற்க, கஜபதியும் என் உதட்டையே பார்க்கிறான், மூக்கு ஒழுகுகிறது.

"பார்றா," என்கிறான், "வாயே அசையல."